வீடியோ கேம்களுக்கான இலவச ஜாஸ் இசை: செவிவழி நம்பிக்கைகளும் உண்மை நிலையும்

இரண்டு மூன்று பேர் சேர்ந்து வீட்டிலிருந்தபடியே வீடியோ கேம் செய்து வெளியிடும் காலம் இது. ஒரு வார இறுதிக்குள் ஒரு விளையாட்டை முடித்துவிடும் 'கேம் ஜாம்' போட்டிகள் இந்தப் பழக்கத்தை உலகெங்கும் பரப்பின. லுடும் டேர் 2002இலும் குளோபல் கேம் ஜாம் 2009இலும் தொடங்கின. இத்தகைய குழுக்களில் நிரல் எழுதுபவர் இருப்பார், படம் வரைபவரும் இருப்பார். இசைக்குப் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. துப்பறியும் கதை, சீட்டாட்டம், மழை பெய்யும் நகரத் தெரு, 1930களின் கார்ட்டூன் சாயல் என்று களம் அமைந்துவிட்டால் அவர்கள் தேடுவது ஜாஸ் பாணி இசையைத்தான். அப்படிப்பட்ட இசையை எழுதி, பதிவு செய்து, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைக்கும் இசையமைப்பாளர்களும் உண்டு. அமெரிக்கரான கெவின் மெக்லவுட் இவ்வாறு ஜாஸ் உள்ளிட்ட பல பாணிகளில் எழுதிக் கொடுத்துவருபவர். அவருடைய இசை 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' போன்ற புகழ்பெற்ற விளையாட்டிலேயே ஒலிக்கிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் நன்றாக நடக்கக்கூடிய ஒன்று. அதைக் கெடுப்பது பேராசையோ திருட்டுப் புத்தியோ அல்ல. பெரும்பாலும் 'யாரோ சொன்னார்கள்' என்று கைமாறி வரும் சில நம்பிக்கைகளே கெடுக்கின்றன. எடுப்பவர்களிடம் சில, கொடுப்பவர்களிடம் சில. இவற்றை எத்தனை முறை மறுத்தாலும் அடுத்த போட்டியில் அதே கேள்விகள் அப்படியே திரும்பி வருகின்றன. ஆகவே ஒருமுறை பொறுமையாக எடுத்துப் பேசிவிடுவது நல்லது.

"இலவசம் என்று போட்டிருக்கிறது, இனி எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்"

பரவலாக நிலவும் தவறு இதுவே. மற்றப் பல தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. விலை என்பது ஒன்று, அனுமதி என்பது வேறொன்று. ஒரு கோப்பைப் பணமின்றித் தரவிறக்க முடிகிறது என்பதால் அதை விளையாட்டில் சேர்க்கவும், வெட்டி ஒட்டவும், விற்கவும் உரிமை வந்துவிடாது. பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில், இந்தியா உட்பட, ஒரு படைப்பு உருவானவுடனே பதிப்புரிமை தானாகப் பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை, வட்டத்துக்குள் எழுத்துப் போட வேண்டியதில்லை. எந்த உரிமமும் எழுதப்படாத இசையில் எல்லா உரிமைகளும் படைத்தவரிடமே இருக்கின்றன. இசைக்கோப்பின் அருகில் உரிமம் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்றால், 'தடை இல்லை' என்று அதைப் படிக்கக் கூடாது. அனுமதி இன்னும் தரப்படவில்லை என்றே படிக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2002 டிசம்பரில் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. அவற்றின் கட்டுமானம் எளியது. பெயர் குறிப்பிட வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. மாற்றியமைத்தால் அதையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்பது இன்னொன்று. வணிகப் பயன்பாடு கூடாது, மாற்றமே கூடாது என்பவை வேறு இரண்டு. இவற்றின் சேர்க்கைகளே ஆறு உரிமங்கள். இவற்றுக்கு வெளியே 2009இல் வந்த சிசி ஜீரோ, சட்டம் இடம் தரும் அளவுக்கு எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கும் அறிவிப்பு. ஆக, 'இலவசம்' என்ற ஒரே தலைப்பின் கீழ் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்ட ஏழு வகை அனுமதிகள் இருக்கக்கூடும். எது என்று பார்க்காமல் எடுப்பவர் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பதே தெரியாமல் ஒப்புக்கொள்கிறார்.

தவறு ஏன் நீடிக்கிறது என்பதும் தெரிந்ததே. தேடும் பெட்டியில் 'இலவச ஜாஸ்' என்று அடித்தால் வரும் பட்டியல் விலையை வைத்துத் தொகுக்கப்பட்டது; உரிமம் ஏதோ ஒரு மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். போட்டியின் கடைசி மணி நேரத்தில் அந்த மூலையை யாரும் பார்ப்பதில்லை. விளைவு பின்னால் வருகிறது. போட்டிக்காகச் செய்த விளையாட்டு நன்றாக அமைந்து, இரண்டு ஆண்டுகள் கழித்து விற்பனைக்குக் கொண்டுவர நினைக்கும்போது, இசை எங்கிருந்து வந்தது என்று குழுவில் ஒருவருக்கும் நினைவிருக்காது. காட்சியின் வேகமே அந்த இசைக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருக்கும். அந்த நிலையில் அதைப் பிடுங்கி எடுப்பது எளிதில்லை.

அறியாமல் பிழை செய்தவருக்கு ஓர் ஆறுதல் உண்டு. 2013இல் வந்த கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 பதிப்பில், மீறல் தெரியவந்த 30 நாட்களுக்குள் அதைச் சரிசெய்துவிட்டால் இழந்த உரிமை தானாக மீளும். பழைய பதிப்புகளில் இந்த ஏற்பாடு இல்லை. எனவே பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்வது வெறும் சம்பிரதாயம் அல்ல.

"பெயர் போட்டுவிட்டால் போதும்"

போதாது. பெயர் போடுவது அனுமதியின் நிபந்தனைகளுள் ஒன்று. அனுமதியே இல்லாதபோது பெயர் போட்டால், யாருடைய பொருளை எடுத்தோம் என்ற ஒப்புதல் வாக்குமூலம் மட்டுமே மிஞ்சும். 'உரிமை மீறும் நோக்கம் இல்லை' என்று கீழே எழுதி வைப்பதற்கும் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது.

பெயர் போட வேண்டிய இடத்தில் அதை ஒழுங்காகப் போடுவதும் இல்லை. 'இசை: இணையம்' என்று எழுதுவது நன்றி சொல்வதாகாது, அவமதிப்பாகும். இசையின் தலைப்பு, படைத்தவர் விரும்பும் பெயர், எடுத்த இடம், உரிமத்தின் பெயரும் பதிப்பும், மாற்றம் செய்திருந்தால் அந்தக் குறிப்பு ஆகியவை வேண்டும். ஐந்து வரி. கூலி வாங்காத ஓர் இசையமைப்பாளர் கேட்பது அந்த ஐந்து வரியை மட்டும்தான் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

"காசு வாங்காத விளையாட்டுக்கு எதுவும் பொருந்தாது"

விளையாட்டு இலவசம் என்பதால் வணிகமற்றது ஆகிவிடாது. 'வணிகமற்றது' என்ற நிபந்தனை பார்ப்பது, பயன்பாடு முதன்மையாகப் பொருளாதார ஆதாயத்தையோ பணத்தையோ நோக்கியதா என்பதையே. இடையிடையே விளம்பரம் ஓடும் இலவசக் கைபேசி விளையாட்டு அந்தக் கோட்டைப் பெரும்பாலும் தாண்டிவிடுகிறது. அந்த விளையாட்டை ஆடிக் காணொளி போட்டு விளம்பர வருவாய் பெறுபவரின் நிலை இன்னும் சிக்கலானது.

இந்த இடத்தில் கொடுப்பவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. 'பெரிய நிறுவனங்கள் என் இசையை வைத்துச் சம்பாதித்துவிடக் கூடாது' என்று எண்ணி வணிகமற்ற உரிமத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் தங்களுக்கென்று இசையமைப்பாளரை அமர்த்திக்கொள்கின்றன. அவை இந்தப் பக்கம் வருவதே அரிது. இந்த உரிமம் உண்மையில் வெளியே நிறுத்துவது, தன் முதல் விளையாட்டை ஐம்பது ரூபாய்க்கு விற்றுப் பார்க்கலாமா என்று தயங்கும் மாணவரைத்தான்.

'மாற்றம் கூடாது' என்ற உரிமம் இதைவிடப் பொருந்தாதது. தம் மெட்டைச் சிதைக்காமல் காக்கும் கவசம் என்று நினைத்தே பலரும் அதைத் தேர்வு செய்கிறார்கள். விளையாட்டில் இசையை அப்படியே வைக்க முடியாது. நீளத்தைக் குறைக்க வேண்டும், முடிவைத் தொடக்கத்தோடு ஒட்ட வேண்டும், சண்டை தொடங்கினால் வேறொரு பகுதிக்குத் தாவ வேண்டும். அதோடு, ஓடும் படத்துக்கு நேரம் பொருத்தி இசையைச் சேர்ப்பதையே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் ஒரு மாற்றியமைப்பாகக் கருதுகின்றன. ஆக, விளையாட்டுக்காகவே எழுதிய இசையை விளையாட்டில் பயன்படுத்த முடியாதபடி பூட்டி வைத்துவிட்டு, ஏன் யாரும் எடுக்கவில்லை என்று வருந்துகிறார்கள். விளையாட்டுக்கான கலைப்பொருட்களைச் சேகரித்து வழங்க 2009 முதல் இயங்கும் ஓப்பன்கேம்ஆர்ட், இந்த இரண்டு வகை உரிமங்களையும் ஏற்பதே இல்லை. அனுபவத்தில் விளைந்த முடிவு அது.

"ஜாஸ் பழைய இசை, அதற்கு உரிமையாளர் யாரும் இல்லை"

இந்த நம்பிக்கை சற்று நின்று பார்க்கத் தக்கது, ஏனெனில் இதற்குள் உண்மையின் ஒரு துணுக்கு இருக்கிறது. ஜாஸின் முதல் இசைத்தட்டு என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் குழு 1917இல் வெளியிட்டது. அதில் ஒரு பக்கம் 'லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ்'. அந்த ஆண்டே அந்த மெட்டு யாருடையது என்று சிகாகோ நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. இரு தரப்புமே உரிமை கோர முடியாது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். ஜாஸ் எவருக்கும் சொந்தமில்லாத தெரு இசை என்ற எண்ணம் அத்தனை பழையது. ஆனால் அது ஒரு மெட்டைப் பற்றிய தீர்ப்பு. ஓர் இசை மரபு முழுவதையும் பொதுவில் விட்ட தீர்ப்பு அல்ல.

உண்மை நிலையைப் புரிந்துகொள்ள ஒரு வேறுபாடு தெரிய வேண்டும். ஓர் ஒலித்தட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் உறங்குகின்றன: எழுதப்பட்ட இசைக்கு ஒன்று, அதை வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவுக்கு ஒன்று. இரண்டும் ஒரே நாளில் முடிவதில்லை. 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' மிகப் பொருத்தமான சான்று. கிங் ஆலிவர் எழுதி 1928இல் வெளிவந்த அந்த இசை, அமெரிக்காவில் 95 ஆண்டுக் கணக்கில் 2024 ஜனவரி 1 அன்று பொது உரிமைப் பரப்புக்கு வந்துவிட்டது. லூயி ஆம்ஸ்ட்ராங் அதே 1928இல் அதை வாசித்த புகழ்பெற்ற ஒலிப்பதிவு 2029 ஜனவரி 1 வரை காப்பில் இருக்கும். 2018இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 100 ஆண்டு என்று வரையறுத்திருக்கிறது. எனவே அந்த இசையை நாமே வாசித்துப் பதிந்து அமெரிக்காவில் வெளியிடலாம். ஆம்ஸ்ட்ராங்கின் ஊதலை வெட்டியெடுத்து விளையாட்டின் முகப்பில் வைக்க இன்னும் நாள் இருக்கிறது.

நாடு மாறினால் கணக்கும் மாறும். டபிள்யூ. சி. ஹேண்டியின் 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' 1914இல் வெளியானது. அமெரிக்காவில் அது எப்போதோ பொதுவாகிவிட்டது. ஹேண்டி 1958இல் இறந்தார். இந்தியச் சட்டம் படைப்பாளியின் ஆயுளோடு 60 ஆண்டு என்று சொல்வதால் இங்கே 2018 முடிவோடு காப்பு தீர்ந்தது. ஆயுளோடு 70 ஆண்டு என்ற கணக்கு உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தில் 2028 முடியும் வரை அது நீடிக்கக்கூடும். விளையாட்டு ஒரே பொத்தானில் எல்லா நாடுகளிலும் வெளியாகிறது என்பதை மறந்து, ஒரு நாட்டின் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர்.

பழையது என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி பழையதே அல்ல. டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' 1959ஆம் ஆண்டுத் தொகுப்பில் வந்தது. எழுதிய பால் டெஸ்மண்ட் 1977இல் இறந்தார். அவருடைய இசையிலிருந்து வரும் உரிமைத்தொகையை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு உயில் எழுதிவைத்தார். அதை அனுமதியின்றி எடுத்துப் போடுபவர் 'யாருக்கும் நட்டமில்லை' என்று சொல்வதற்கு முன் அந்த உயிலை நினைக்க வேண்டும்.

துணுக்காக இருக்கும் அந்த உண்மையையும் சொல்லிவிடுவது நியாயம். கார்டு வரிசை, அதாவது மெட்டுக்கு அடியில் நகரும் சுர அடுக்குகளின் ஒழுங்கு, பொதுவாகத் தனியுரிமைக்கு உட்படுவதில்லை. ஜாஸ் மரபு இதன்மேல்தான் வளர்ந்தது. ஜார்ஜ் கெர்ஷ்வின் 1930இல் எழுதிய 'ஐ காட் ரிதம்' பாட்டின் கார்டு வரிசையின்மேல் டியூக் எலிங்டன் 'காட்டன் டெயில்' எழுதினார், சானி ராலின்ஸ் 'ஓலியோ' எழுதினார்; இன்னும் எண்ணற்றோர் தங்கள் மெட்டுகளை எழுதினார்கள். பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளச் சுற்று கொண்ட ப்ளூஸ் வரிசையும் அப்படியே. விளையாட்டுக்கு இசை எழுதுபவருக்கு ஜாஸ் உண்மையாகவே திறந்து வைத்திருக்கும் கதவு இது. பழைய அடித்தளத்தின்மேல் தம்முடைய மெட்டை எழுதினால் அது முழுக்கத் தம்முடையது, உரிமம் கொடுக்கவும் உரிமை உண்டு. திறந்திருக்கும் கதவைப் பார்க்காமல் பூட்டியிருக்கும் கதவையே இடிப்பதுதான் வருத்தம் தருகிறது.

"எட்டு விநாடி, முப்பது விநாடி வரை எடுத்தால் குற்றமில்லை"

அப்படி ஒரு விநாடிக் கணக்கு இந்தியச் சட்டத்திலோ அமெரிக்கச் சட்டத்திலோ இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு நியாயமான பயன்பாடு பற்றிப் பேசுகிறது. விநாடியை அளந்து கொடுக்கவில்லை. அமெரிக்காவில் 2005இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு விநாடிக் கித்தார் ஒலியை எடுத்ததற்கும் அனுமதி வேண்டும் என்றது. 2016இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் மடோனாவின் 'வோக்' வழக்கில் கால் விநாடிக்கும் குறைந்த ஊதுகருவி ஒலியைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்றது. நீதிமன்றங்களே ஒன்றுபடாத இடத்தில் முப்பது விநாடி என்று உறுதியாகச் சொல்பவர் அதை எங்கே படித்தார் என்று கேட்டால் பதில் வராது.

"ஜாஸ் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பது, எழுதி, சுழலவிட்டு, விளையாட்டில் வைக்க முடியாது"

இது சட்டத்தை விட்டுக் கைத்திறனுக்கு வருகிறது. கற்பனைச் சுரம் பாடுபவர் தாளத்தையும் ராகத்தையும் எடுப்பையும் விட்டு வெளியே போவதில்லை. ஜாஸ் கலைஞரும் அப்படியே. அவர் காலடியில் கார்டு வரிசை இருக்கிறது, 32 பார் அளவு இருக்கிறது, திரும்பி வர வேண்டிய மெட்டு இருக்கிறது. எழுதப்பட்ட ஜாஸுக்குக் குறைவே இல்லை. எலிங்டன் தம் வாழ்நாள் முழுதும் தம் குழுவின் ஒவ்வொரு கலைஞரையும் மனத்தில் வைத்து எழுதினார். விளையாட்டுகளிலும் சான்றுகள் உண்டு. பீட்டர் மெக்கானல் 1998இல் 'கிரிம் ஃபாண்டாங்கோ' விளையாட்டுக்கு அமைத்த இசையும், டொராண்டோக் கலைஞர் கிறிஸ்டோஃபர் மாடிகன் 2017இல் 'கப்ஹெட்' விளையாட்டுக்கு எழுதிய பிக் பேண்ட் இசையும் உயிருள்ள கலைஞர்கள் வாசித்துப் பதியப்பட்டவை.

நம்பிக்கை தவறாயினும் அதற்குப் பின்னால் ஓர் உண்மையான சிக்கல் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் நான்கடித் தாளத்தில் 32 பார் என்பது 128 அடி, அதாவது 64 விநாடி. ஒரு மணி நேரம் விளையாடுபவர் அதை 56 முறை கேட்பார். மெட்டை 56 முறை கேட்கலாம். ஆனால் சாக்ஸபோன் கலைஞர் உணர்ச்சி பொங்க உச்சத்துக்கு ஏறிய அந்த ஒரு தருணம் மூன்றாம் முறையிலேயே பொய்யாகிவிடும். இதை அனுபவித்தவர்கள்தான் 'ஜாஸ் விளையாட்டுக்கு ஒத்துவராது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஒத்துவராதது ஜாஸ் அல்ல, ஒரே கலவையாகப் பூசி முடித்த கோப்புதான். டிரம்ஸ், பாஸ், பியானோ, ஊதுகருவி ஒவ்வொன்றையும் தனி அடுக்காகக் கொடுத்தால், விளையாட்டு தன் நிலைக்கேற்ப அவற்றைச் சேர்க்கவும் விலக்கவும் முடியும். வீரர் நின்று யோசிக்கும்போது பாஸும் பிரஷ் தடவும் டிரம்ஸும் போதும். கதவு திறந்ததும் பியானோ நுழையலாம். தனி வாசிப்பு வேண்டுமானால் ஒன்றுக்கு நான்காகப் பதிந்து மாறி மாறி வரச் செய்யலாம். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்டும் அதே மெக்கானலும் உருவாக்கிய ஐமியூஸ் முறை, 1991இல் வந்த 'மங்கி ஐலண்ட் 2' விளையாட்டிலேயே காட்சிக்குக் காட்சி இசையைத் தடங்கலின்றி மாற்றியது. 2019இல் வந்த 'ஏப் அவுட்' இன்னும் ஒரு படி போனது. மேட் பாக் அமைத்த அதன் டிரம்ஸ், கூண்டிலிருந்து தப்பும் குரங்கின் ஒவ்வோர் அசைவுக்கும் பதில் சொல்லும். ஒரு காவலர் சுவரில் மோதினால் சிம்பல் வெடிக்கும். கட்டுப்பாடற்றது என்று பெயரெடுத்த ஃப்ரீ ஜாஸ் பாணியே, ஆடுபவரின் கையோடு சேர்ந்து அந்த நேரத்தில் பிறக்கும் இசையாக அங்கே வேலை செய்கிறது. ஜாஸ் அளவுக்கு இந்த ஊடகத்துக்கு இயல்பாகப் பொருந்தும் இசை வேறு குறைவு என்பதே என் கருத்து.

சிறிய தொழில்நுட்பக் கவனக்குறைவுகளும் ஜாஸின் மேல் பழியாக விழுகின்றன. எம்பி3 கோப்பு ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட கட்டங்களாக நறுக்குகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் சிறு வெற்றொலி சேர்ந்துவிடும். அது சில பத்து மில்லி விநாடிதான். பரந்து ஒலிக்கும் பின்னணி இசையில் அது தெரியாமல் போகலாம். நீண்ட சுரமும் குறுகிய சுரமும் மாறி மாறி வரும் ஸ்விங் நடையில் பாஸ் அடி எடுத்து வைக்கும் இடத்தில் தடுக்கி விழுவதுபோல் கேட்கும். சுழல வேண்டிய இசையை வேவ் அல்லது ஆக் வோர்பிஸ் வடிவில் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. கடைசி பாரில் ஒலிக்கும் சிம்பலின் அதிர்வை வெட்டிவிடாமல், அந்த வாலைத் தொடக்கத்தின்மேல் படியவைப்பதும் அவசியம்.

கணினியில் செய்த ஜாஸ் உயிரற்றது என்ற முறையீட்டையும் இங்கேயே பார்த்துவிடலாம். பலரும் மென்பொருளில் ஸ்விங் அளவை ஒரு தடவை திருகி வைத்துவிட்டு எல்லா வேகத்துக்கும் அதையே விட்டுவிடுகிறார்கள். டிரம்ஸ் கலைஞர்களின் வாசிப்பை அளந்து பார்த்த ஆய்வாளர்கள் கண்டது வேறு: மெதுவான நடையில் நீண்ட சுரத்துக்கும் குறுகிய சுரத்துக்கும் இடையிலான விகிதம் பெரிதாக இருக்கிறது, வேகம் கூடக் கூட அது சமத்தை நெருங்குகிறது. கருவியைக் குறை சொல்வதற்கு முன் காதைப் பழக்கியிருக்க வேண்டும். மியூஸ்ஸ்கோர், ஆர்டர் போன்ற திறமூல மென்பொருட்களும், தாராள உரிமத்தில் கிடைக்கும் பியானோ ஒலித் தொகுப்புகளும் இன்று எவருக்கும் எட்டுபவை. எளிதில் எட்டாதது பொறுமையாகக் கேட்கும் பழக்கம்.

"இலவச இசையைத் தானியங்கி உரிமைக் கண்காணிப்பில் பதிந்து வைத்தால் பாதுகாப்பு"

கொடுப்பவர்கள் செய்யும் தவறுகளுள் மிகுந்த சேதம் விளைவிப்பது இதுவே. யூடியூப் 2007இல் கொண்டுவந்த கன்டென்ட் ஐடி, பதிந்து வைத்த ஒலியைப் போலவே ஒலிக்கும் எதையும் கண்டுபிடித்து உரிமை கோரும். அந்த இயந்திரத்துக்கு உரிமத்தைப் படிக்கத் தெரியாது. இசையமைப்பாளர் ஒருவர் தம் இசையைப் பெயர் குறிப்பிடும் உரிமத்தில் கொடுக்கிறார். ஒரு மாணவர் ஒழுங்காகப் பெயர் போட்டுத் தம் விளையாட்டில் சேர்க்கிறார். அதை ஆடிக் காட்டும் ஒவ்வொரு காணொளியின் மேலும் உரிமைக் கோரிக்கை வந்து விழுகிறது, வருவாய் திசைமாறுகிறது. காணொளி போடுபவர்கள் அந்த விளையாட்டைத் தொடுவதையே விட்டுவிடுகிறார்கள். 2020இல் ட்விட்ச் தளத்தில் பழைய காணொளிகள் இசை உரிமைப் புகார்களால் பெருமளவில் நீக்கப்பட்ட பிறகு, சிறிய விளையாட்டுகளை ஒளிபரப்புபவர்கள் முதலில் கேட்கும் கேள்வியே 'இசையால் தொல்லை வருமா' என்பதுதான். விளம்பரச் செலவுக்கு வழியில்லாத ஒரு விளையாட்டுக்கு அந்தக் காணொளிகளே விளம்பரம் என்பதை எண்ணினால் இழப்பின் அளவு புரியும்.

பலர் இதைத் தெரிந்து செய்வதில்லை. இசையைப் பாடல் தளங்களுக்கு அனுப்பித்தரும் சேவையில் பதியும்போது ஒரு சிறு கட்டத்தில் குறியிட்டிருப்பார்கள். அது தானியங்கிக் கண்காணிப்புக்கான சம்மதம் என்று பின்னர்தான் அறிவார்கள். யூடியூபின் விதிகளே தனியுரிமை இருந்தால் மட்டும் பதியலாம் என்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸில் விட்ட படைப்பை விலக்கின் உதாரணமாகவே குறிப்பிடுகின்றன. எவரும் எடுக்கலாம் என்று கொடுத்ததைக் கண்காணிப்பில் வைப்பது, கொடுத்த சொல்லைத் திரும்பப் பெறுவதற்குச் சமம்.

இதன் இன்னொரு வடிவமும் உண்டு. இசை மென்பொருளோடு வரும் ஆயத்த லூப்களை அடுக்கி ஒரு ஜாஸ் துண்டைச் செய்து, அதைச் சிசி ஜீரோவில் விடுகிறார்கள். அத்தகைய லூப்களைப் பாட்டுக்குள் பயன்படுத்தப் பெரும்பாலும் அனுமதி உண்டு. ஆனால் அவற்றைத் தனித்தனி ஒலியாகப் பிறருக்கு வழங்கப் பல தொகுப்புகள் தடை விதிக்கின்றன. அடுக்குகளாகப் பிரித்துக் கொடுக்கும்போது அந்த டிரம்ஸ் லூப் தனியாக வெளியே போகிறது. தமக்குச் சொந்தமில்லாததை ஒருவர் எவ்வளவு தாராள மனத்தோடு கொடுத்தாலும் வாங்கியவருக்கு உரிமை வருவதில்லை.

"இலவசமாகக் கொடுப்பவர்கள் இசைஞர்களின் பிழைப்பைக் கெடுக்கிறார்கள்"

இந்தக் குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. உழைப்புக்குக் கூலி கேட்பவர்களின் கவலை அது, நியாயமானதும்கூட. ஆனால் காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறது. மாணவர் குழு இலவச இசை கிடைக்காவிட்டால் ஐந்து பேர் கொண்ட ஜாஸ் குழுவை அமர்த்தப் போவதில்லை. இசையில்லாமல் வெளியிடும், அல்லது அனுமதியின்றி எடுக்கும். பணம் இருக்கும் நிறுவனம் தன் விளையாட்டின் இசை வேறெங்கும் ஒலிக்கக் கூடாது என்று விரும்பும்; பொதுவில் இருக்கும் இசை அதற்குப் பயன்படாது. இரண்டும் வேறு சந்தைகள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் தனியுரிமை தருவதில்லை என்பதால், அதே இசையைப் படைத்தவர் வேறு நிபந்தனையில் விற்கவும் செய்யலாம். மெக்லவுட் அதைத்தான் செய்கிறார்: பெயர் போடுபவருக்கு இலவசம், போட விரும்பாதவர் பணம் கட்டி உரிமம் வாங்கிக்கொள்ளலாம். பிழைப்பைக் கெடுப்பது, கையில் நிதி வைத்துக்கொண்டு 'உங்களுக்கு நல்ல அறிமுகமாக இருக்கும்' என்று கூலியின்றி எழுதச் சொல்பவர்களே. அவர்களையும் தாமாகக் கொடுப்பவர்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

கொடுக்க நினைப்பவர் முன்கூட்டி அறிய வேண்டியது வேறொன்று. 'பிடிக்காவிட்டால் பிறகு திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்' என்று நம்பிக் கொடுப்பவர்கள் உண்டு. முடியாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் திரும்பப் பெற முடியாதது. தம் பக்கத்திலிருந்து கோப்பை நீக்கலாம், இனி வேறு உரிமத்தில் வெளியிடலாம். முன்பே பெற்றவரின் உரிமை அப்படியே நிற்கும். அதனால்தான் எடுப்பவர், தரவிறக்கிய நாளிலேயே உரிமம் தெரியும்படி அந்தப் பக்கத்தைப் படமெடுத்து விளையாட்டின் கோப்புகளோடு வைத்துக்கொள்ள வேண்டும். கொடுப்பவரும் இசைக்கோப்புகளோடு ஓர் எழுத்துக்கோப்பைச் சேர்த்து அனுப்புவது நல்லது. தலைப்பு, தம் பெயர், உரிமமும் அதன் பதிப்பும், வேகம், தாளம், சுழலும் இடம், யார் எந்தக் கருவியை வாசித்தார், எந்த ஒலித் தொகுப்பைப் பயன்படுத்தினார் ஆகியவை அதில் இருக்கட்டும். வாசித்த நண்பர்கள் அந்த உரிமத்துக்கு எழுத்தில் சம்மதித்தார்களா என்பதும் அதில் இருக்க வேண்டும். அவர்கள் வாசிப்பின் மேல் அவர்களுக்கும் உரிமை உண்டு.